மீட்டரில் பிரேக் விளக்கும் டிராக்‌ஷன் விளக்கும் வந்து வந்து போகிறதா? பிக்கப் ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் முதுநகரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். துறைமுகத்தில் மீன் லோடு ஏற்றும் வண்டிகள், பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் கொண்டு போகும் வண்டிகள், சிப்காட்டுக்கு ஓடுபவை, புதுச்சேரி தேங்காய்த்திட்டிலிருந்து வருபவை என்று வாரம் தவறாமல் ஏதாவது ஒரு பிக்கப் இதே புகாரோடு வந்து நிற்கிறது: "மீட்டரில் பிரேக் விளக்கும், வழுக்குகிற கார் படம் போட்ட விளக்கும் எரிகிறது, அப்புறம் தானாக அணைந்துவிடுகிறது." பலர் ஒன்றிரண்டு சென்சாரை மாற்றிக் காசைச் செலவழித்த பிறகுதான் வருகிறார்கள். ஒரு நாள் லோடு நின்றால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பட்டறையில் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் எழுதி வைக்கிறேன். குழப்பம் வராமல் இருக்க, மீட்டரில் எரிவதை விளக்கு என்றும், வண்டிக்குப் பின்னால் எரிவதை பிரேக் லைட் என்றும் சொல்கிறேன்.

ஒவ்வொரு விளக்கும் எதற்கு?

சிவப்பில் வட்டமும் அதற்குள் ஆச்சரியக்குறியும் இருப்பது பிரேக் விளக்கு. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும், பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். மஞ்சளில் ஏபிஎஸ் என்று எழுதியிருப்பது, அவசரத்தில் அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பில் கோளாறு என்று சொல்கிறது. மஞ்சளில் ஒரு கார், அதன் கீழே பாம்பு நெளிந்த மாதிரி இரண்டு கோடு இருந்தால் அது டிராக்‌ஷன் விளக்கு. சக்கரம் வழுக்கி வீணாகச் சுழலாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்புக்கானது அது. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் இது உண்டு. சாதாரண லோடு பிக்கப் பலவற்றில் இந்த மூன்றாவது விளக்கே கிடையாது. ஏபிஎஸ் மட்டும் இருக்கிற வண்டிக்கும் கீழே சொல்கிற சென்சார், வயர், எர்த் விஷயங்கள் அப்படியே பொருந்தும்.

சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். செகண்ட் ஹேண்டில் பிக்கப் வாங்கும்போது இதை மறக்காமல் பாருங்கள். கோளாறைச் சரி செய்யாமல் விளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு விற்ற வண்டிகள் என் கைக்கு வந்திருக்கின்றன.

விளக்கு எரியும்போது வண்டியை ஓட்டலாமா?

எந்த விளக்கு என்பதைப் பொறுத்தது. மஞ்சள் மட்டும் எரிந்து பெடல் வழக்கம்போல இருந்தால், சாதாரண பிரேக் வேலை செய்யும். முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி அதிகம் விட்டு, மழையில் வேகத்தைக் குறைத்து, பட்டறை வரை வரலாம்.

சிவப்பு எரிந்தால் ஓரம் கட்டுங்கள். முதலில் ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் அளவைப் பாருங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பெடலை நன்றாக மிதித்து அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். கால் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஆயில் எங்கோ கசிகிறது, அல்லது பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டர் உள்ளே விட்டுக்கொடுக்கிறது. அந்த வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். மீன் கெட்டுப்போனால் போகட்டும், வேறு வண்டியில் மாற்றி ஏற்றுங்கள்.

சிவப்பும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து எரிந்தால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பிரேக் விசையைப் பங்கிடும் ஈபிடி வேலையும் பல வண்டிகளில் அந்த ஏபிஎஸ் மாட்யூலிடம்தான், அதாவது அதை இயக்குகிற சின்னக் கணினிப் பெட்டியிடம்தான், இருக்கிறது. அது படுத்துவிட்டால், காலி பிக்கப்பில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். லோடு இல்லாத பின்பக்கம் லேசாக இருப்பதால் வண்டி அப்படியே வாலை வீசித் திரும்பிவிடும். ஈரமான ஈசிஆரில் அப்படி ஒரு வண்டி சுழன்று நின்றதை நேரில் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக எதிரே யாரும் வரவில்லை.

மூன்று விளக்கும் ஒரே நேரத்தில் எரிகிறது. மூன்று கோளாறா?

பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொரு சக்கரத்திலும் அது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்க்க ஒரு சென்சார் இருக்கிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்கிறது. அதே கணக்கை வைத்துத்தான் டிராக்‌ஷன், சக்கரம் வீணாகச் சுழல்கிறதா என்றும் பார்க்கிறது. ஒரு சக்கரத்தின் கணக்கு வராமல் போனால் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிடும். தப்பான கணக்கை நம்பி பிரேக்கைப் பிடிப்பதைவிட ஒதுங்கிக்கொள்வது நல்லது என்றுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

சாவியை ஆஃப் செய்து போட்டால் போய்விடுகிறது. அப்படியானால் சரியாகிவிட்டதா?

இல்லை. சாவி போட்டதும் மாட்யூல் எல்லா இணைப்பையும் ஒரு முறை சோதிக்கும். அந்த நேரத்தில் வயர் ஒட்டிக்கொண்டிருந்தால் விளக்கு அணையும். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் நாலு சக்கரக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும். அப்போது ஒன்று விட்டுப்போனால் மறுபடி எரியும். விளக்கு அணைந்தாலும் கோளாறைக் குறிக்கிற எண், நாங்கள் கோடு (code) என்று சொல்வது, மாட்யூலின் நினைவில் கிடக்கும். அதைப் படிக்கிற ஸ்கேனர் கருவியைப் போட்டால் கிடைக்கும்.

எப்போது வரும் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வந்து வந்து போகிற கோளாறு காரணமில்லாமல் வராது. ஏதோ ஒன்று ஆடும்போது, நனையும்போது, சூடாகும்போது, இழுபடும்போதுதான் வரும். அது எப்போது என்று ஓட்டுகிற உங்களுக்கு மட்டும்தான் தெரிய முடியும். பட்டறையில் காய்ந்து, காலியாக, அசையாமல் நிற்கிற வண்டியில் எனக்கு அது தெரியாது.

ஒரு சின்ன நோட்டை டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். விளக்கு வந்ததும், வண்டியை நிறுத்திய பிறகு, நாலு விஷயம் எழுதுங்கள்: எந்த விளக்கு, லோடு இருந்ததா, மழையா வெயிலா, அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். ஒரு வாரம் எழுதினால் போதும். பாதி வேலை முடிந்த மாதிரி.

லோடு ஏற்றினால் மட்டும் வருகிறது என்றால் நான் நேராகப் பின்பக்கம் போவேன். லோடு ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி, சேஸிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே போகிற வயரின் நிலை மாறும். உள்ளே அறுந்தும் அறாமலும் இருக்கிற கம்பி அப்போதுதான் விட்டுப்போகும். மழையிலும் வாட்டர் சர்வீஸ் முடித்த மறுநாளும் வந்தால் கப்ளருக்குள், அதாவது வயர்களை இணைக்கிற பிளக்குக்குள், தண்ணீர் போகிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடிக்கும்போது வந்தால் முன் சக்கர வயர் இழுபடுகிறது, அல்லது வீல் பேரிங் ஆடுகிறது. ஸ்பீடு பிரேக்கரிலும் ரயில்வே கேட்டிலும் வந்தால் லூஸ் கப்ளர், லூஸ் எர்த். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து பத்து நிமிடத்தில் போனால் பேட்டரியைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகுதான் வருகிறது, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்றால் சென்சாரோ மாட்யூலோ உள்ளே விரிசல் விட்டிருக்கலாம்.

இன்னொன்று, பலர் இதைச் சொல்லவே மறந்துவிடுகிறார்கள். காய்ந்த நல்ல சாலையில் மெதுவாக வந்து நிற்கப்போகிற கடைசி நேரத்தில் பெடல் காலுக்கடியில் தடதடவென்று துடிக்கிறதா? அப்படியென்றால் ஏபிஎஸ் தேவையில்லாமல் வேலை செய்கிறது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எங்கள் ஊர் வண்டிகளுக்கு மட்டும் இது ஏன் அதிகம்?

உப்பு. உப்புக்காற்று ஒரு பக்கம், உப்பனாற்றுக் கரையில் தேங்கும் தண்ணீர் ஒரு பக்கம், கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்புத்தான். மீன் வண்டிக்கு இதெல்லாம் போதாது என்று மேலேயே ஒரு கடல் இருக்கிறது: ஐஸ் உருகி மீன் பெட்டியிலிருந்து வழிகிற தண்ணீர்.

ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். முதுநகரிலிருந்து நெய்வேலிக்கு மீன் கொண்டு போகிற ஒரு தம்பி. விடியற்காலை லோடோடு போகும்போது குள்ளஞ்சாவடி தாண்டினால் ஏபிஎஸ்ஸும் டிராக்‌ஷனும் எரியும். காலியாகத் திரும்பும்போது எரியாது. வேறொரு இடத்தில் இடது பின் சென்சாரை மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி வந்தது. வலது பின் சென்சாரையும் மாற்றினார்கள். கடைசியில் மாட்யூல் போய்விட்டது என்று சொல்லி, அந்தத் தம்பி ஒரு மாதம் ஓடினாலும் சேர்க்க முடியாத தொகையைக் கேட்டார்கள். அப்போதுதான் என்னிடம் வந்தார். நானும் இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன், விளக்கு வரவே இல்லை. மூன்றாம் நாள் காலை நாலு மணிக்கு லோடு ஏற்றும்போதே போய், அவரோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். குள்ளஞ்சாவடி தாண்டியதும் சொல்லிவைத்த மாதிரி எரிந்தது. ஓரம் கட்டி டார்ச் அடித்துப் பார்த்தால், தொட்டியின் மூலையில் இருக்கிற ஓட்டை வழியாக ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, ஆக்ஸிலுக்குப் போகிற வயரின் கிளிப் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. வயரின் மேல் தோல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விரலால் அமுக்கினால் ஒரு இடத்தில் மட்டும் தொளதொளவென்று இருந்தது. அங்கே அறுத்துப் பார்த்தேன். உள்ளே செம்பு முழுக்கக் களிம்பு ஏறி, பச்சைப் பொடியாக உதிர்ந்தது.

ஒரு சாண் வயரை வெட்டி எடுத்துவிட்டுப் புது வயர் வைத்து சோல்டரிங் செய்து, மேலே சூட்டில் சுருங்குகிற ஸ்லீவ் போட்டேன். கிளிப்பை இடம் மாற்றினேன். ஓட்டையில் ஒரு டியூப் சொருகி, தண்ணீர் வயர் மேல் படாமல் நேராகக் கீழே இறங்கும்படி செய்தேன். அதன் பிறகு அந்த வண்டியில் அந்த விளக்கு வரவில்லை. பழைய சென்சார்கள் இரண்டையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். சோதித்துப் பார்த்தோம், இரண்டுமே நன்றாக இருந்தன.

வயருக்குள் தண்ணீர் போனால் போன இடத்திலேயே நிற்காது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி செம்பு இழைகளின் நடுவே ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் டெஸ்ட் லாம்ப்பின் ஊசியை வயரில் குத்திப் பார்க்கிற பழக்கத்தை விடச் சொல்கிறேன். அந்தச் சின்ன ஓட்டை போதும், உப்பு உள்ளே போவதற்கு.

பெடல் துடிப்பதாகச் சொன்னீர்களே, அது ஏன்?

சென்சாரின் முனைக்கும் அதன் எதிரே சுற்றுகிற பல் வளையத்துக்கும் இடையே சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்கும். சென்சார் உட்காருகிற இடத்தில் துரு பிடித்துப் பொங்கினால் அது சென்சாரை மேலே தூக்கிவிடும். இடைவெளி கூடியதும் சிக்னல் பலவீனமாகும். வேகமாகப் போகும்போது எப்படியோ சமாளித்துவிடும். மெதுவாக வரும்போது, சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது என்று மாட்யூல் நினைத்து, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். ஓட்டுநருக்கு வண்டி நிற்க மறுக்கிற மாதிரி இருக்கும். சிக்னலில் முன்னால் ஒரு ஸ்கூட்டி நிற்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது நம் ஊர் வண்டிக்கு மட்டும் வருகிற நோய் இல்லை. அமெரிக்காவில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிற மாநிலங்களில் இதே துருப் பிரச்சினைக்காக, 1999 முதல் 2002 வரையிலான மாடல் பிக்கப்புகளை ஜெனரல் மோட்டார்ஸ் 2005-ல் திரும்ப அழைத்துச் சரி செய்தது. அங்கே உப்பை லாரியில் கொண்டு வந்து கொட்டுகிறார்கள், இங்கே காற்றே கொண்டு வருகிறது.

சென்சாரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளிச்சென்று வரும் வரை சுத்தம் செய்து, மெல்லிசாகத் துருத் தடுப்பு பூசி மறுபடி மாட்டினால் பல வண்டிகளில் இதுவே போதும். சென்சாரைக் கழற்றுவதுதான் கஷ்டம். துருவில் பிடித்துக்கொண்டு வராது, முறுக்கினால் பிளாஸ்டிக் உடையும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விட்டு, பொறுமையாக இடமும் வலமும் அசைத்து எடுக்க வேண்டும். பல் வளையத்தில் விரிசல் இருக்கிறதா, பல்லுக்கு நடுவே துருச் செதில் அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். சில வண்டிகளில் பல் வளையத்துக்குப் பதிலாக வீல் பேரிங்கின் சீலிலேயே காந்தப் பட்டை இருக்கும். அதில் பேரிங்கைத் திருப்பி மாட்டினால் சென்சார் எதையும் படிக்காது. சீலில் சுத்தியல் பட்டாலும் கெட்டுவிடும். பேரிங் மாற்றிய மறுநாள் விளக்கு வந்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் சென்சாரைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்த ஆட்டத்தைச் சரி செய்யுங்கள்.

மல்டிமீட்டர் இருக்கிறது. சென்சாரை நானே சோதிக்கலாமா?

இரண்டு வகை சென்சார் உண்டு. பழைய வகை வெறும் காந்தமும் காயிலும்தான். கப்ளரைக் கழற்றி ஓம்ஸ் பார்த்தால் பெரும்பாலும் 1000-லிருந்து 2000-க்குள் காட்டும். அதே ஆக்ஸிலின் அடுத்த பக்கத்தோடு ஒப்பிடுவதுதான் நம்பகமான வழி. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து சக்கரத்தைக் கையால் நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் 0.1 வோல்ட்டாவது வர வேண்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போதே வயரை நீளம் முழுக்க வளைத்து, அசைத்துப் பாருங்கள். எண் எகிறிக் குதிக்கிற இடத்தில்தான் உடைசல்.

புது வகை சென்சாருக்குள் எலக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கிறது. அதை ஓம்ஸில் பார்க்கவே கூடாது, அதில் வருகிற எண்ணுக்கு அர்த்தமும் இல்லை. அது மாட்யூலிலிருந்து கரன்ட் வாங்கி, 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் நடுவே மாறி மாறி சிக்னல் கொடுக்கும். உங்கள் வண்டி இந்த வகை என்றால், சாவியைப் போட்டு, கப்ளரில் வோல்ட் வந்து சேர்கிறதா என்று மட்டும் பாருங்கள். மீதியை ஸ்கேனரில் பார்க்கலாம். வண்டியை மெதுவாக ஓட்டும்போது நாலு சக்கர வேகமும் திரையில் ஓடும். மூன்று 20 என்று காட்டி ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால், அந்தச் சக்கரம்தான் ஆள்.

இடது, வலது சென்சார் ஒரே மாதிரியாக இருக்கிற வண்டியில், செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. இரண்டையும் மாற்றி மாட்டுங்கள். கோடும் சேர்ந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் சென்சார் கெட்டது. கோடு பழைய பக்கத்திலேயே நின்றால் வயரோ வளையமோ பேரிங்கோதான்.

போனில் இணைக்கிற சின்ன புளூடூத் ஸ்கேனர் போதுமா?

விலை மலிவான கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டும் படிக்கும். பிரேக் கோடுகள் சி என்ற எழுத்தில் தொடங்கும். அதைப் படிக்க உங்கள் வண்டிக் கம்பெனியை ஆதரிக்கிற ஆப்போ, பட்டறை ஸ்கேனரோ வேண்டும். "கோடு எதுவும் இல்லை" என்று போன் காட்டினால் கோளாறு இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோடு கிடைத்தாலும் அவசரப்பட வேண்டாம். சி0035 என்று வந்தால் இடது முன் சக்கர வேக சென்சாரின் சர்க்யூட் என்று பொருள். சர்க்யூட் என்றால் சென்சார், கப்ளர், மாட்யூல் வரை போகிற வயர் எல்லாம் சேர்ந்தது. அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் சென்சார் வாங்கியவர்களால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

சிவப்பு மட்டும், அதுவும் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் மின்னுகிறது.

புதுச்சேரி இந்திராகாந்தி சதுக்கத்தைச் சுற்றும்போது எரிந்து, நேராக வந்ததும் அணைகிறது என்று ஒருவர் சொன்னார். அது ஆயில் டப்பாவில் இருக்கிற மிதவையின் வேலை. அளவு குறைந்தபட்சக் கோட்டுக்கு அருகில் வந்துவிட்டால், வண்டி சாயும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, மிதவை இறங்கி, விளக்கு எரியும்.

பலர் உடனே ஆயிலை ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். தயவு செய்து அதற்கு முன்னால் பிரேக் பேடைப் பாருங்கள். பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். அப்படியானால் அந்த விளக்கு பேட் தேய்ந்ததைத்தான் மறைமுகமாகச் சொல்கிறது. பேட் நன்றாக இருந்தும் ஆயில் குறைந்தால் கசிவு. பின் டிரம்மின் உள்பக்கம், நாலு ஹோஸ், மாஸ்டர் சிலிண்டரின் பின்னால் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். ஆயில் அளவு சரியாக இருந்தும் மின்னினால் ஹேண்ட் பிரேக் ஸ்விட்ச். லிவரை லேசாக மேலே கீழே தட்டினால் விளக்கு மாறும்.

எந்த பிரேக் ஆயில்?

டப்பாவின் மூடியில் எழுதியிருப்பது. பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அது 155 வரை இறங்கலாம். நம் கடற்கரைக் காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே ஆயிலில் ஓட்டாதீர்கள். பாதி தீர்ந்து மூடி திறந்து கிடக்கிற பழைய டின்னையும் ஊற்றாதீர்கள்.

பேட்டரிக்கும் பிரேக் விளக்குக்கும் என்ன சம்பந்தம்?

மாட்யூலுக்குத் தேவையான வோல்ட் கிடைக்காவிட்டால் அது தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. ஸ்டார்ட் செய்கிற நொடியில் 9.6-க்குக் கீழே விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே இருக்கும்.

எர்த்தை ஓம்ஸில் பார்க்காதீர்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம்ஸ் நன்றாகத்தான் காட்டும். ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டு இன்ஜினை ஓட விட்டு, பேட்டரி மைனஸுக்கும் மாட்யூலின் எர்த் போல்ட்டுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.2-க்கு மேல் காட்டினால் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். மாட்யூல் மாற்றச் சொல்கிற யாரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டு பவரும் எர்த்தும் பார்த்தாச்சா?"

பின்னால் பிரேக் லைட் சில சமயம் எரிவதில்லை, டிராக்‌ஷன் விளக்கும் வருகிறது.

பெடலுக்கு மேலே இருக்கிற பிரேக் ஸ்விட்ச்சைப் பாருங்கள். நீங்கள் பிரேக் மிதிக்கிறீர்களா இல்லையா என்பதை டிராக்‌ஷனுக்குச் சொல்வதும் அதுதான். சின்ன பாகம், விலையும் அதிகமில்லை. ஆனால் பின்னால் வருகிற பஸ்காரருக்கு நீங்கள் நிற்பது தெரியாமல் போகும் என்பதால் இதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

அலைன்மென்ட் செய்த பிறகு, டயர் மாற்றிய பிறகு விளக்கு வந்தது.

ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்கிற சென்சாருக்கு நேர் எது என்பது மறந்திருக்கும். சில வண்டிகளில் ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் முழுசாகத் திருப்பி, கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் தானாகக் கற்றுக்கொள்ளும். மற்றவற்றுக்கு ஸ்கேனரில் சொல்லிக்கொடுக்க வேண்டும். டயர் என்றால், நாலும் ஒரே அளவா என்று பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒன்று சின்னதாக இருந்தால் அது எப்போதும் வேகமாகச் சுற்றும், மாட்யூலுக்கு அது வழுக்குகிற மாதிரிதான் தெரியும்.

தேவனாம்பட்டினம் மணலில் இறக்கியபோது டிராக்‌ஷன் விளக்கு மின்னியது.

மின்னினால் வேலை செய்கிறது, நிலையாக எரிந்தால்தான் கோளாறு. மணலில் சிக்கியிருந்தால் டிராக்‌ஷன் ஆஃப் பட்டனை அழுத்திக்கொள்ளலாம், ஏனென்றால் சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் வெளியே வர முடியும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஆன் செய்யுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. இப்போது எல்லா விளக்கும் எரிகிறது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்தடுத்த நாட்களில் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்தது. அதில் நின்ற வண்டிகள் உடனே கோளாறு காட்டவில்லை. காய்ந்ததும் ஓடின. மூன்று, நாலு மாதம் கழித்து ஒன்றொன்றாக விளக்கோடு வந்தன. கப்ளருக்குள் போன சேறு காய்ந்து, உள்ளேயே பின்களைத் தின்றுகொண்டிருந்தது.

வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் சாவியைப் போடாதீர்கள். முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். ஒவ்வொரு கப்ளராகப் பிரித்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, காற்றில் காய வைத்து, பின்னில் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள். டேஷ்போர்டின் கீழே, கால் விரிப்பின் அடியில் போகிற வயர் கட்டையும் விடாதீர்கள். டிரம்மைக் கழற்றி உள்ளே இருக்கிற சேற்றைக் கழுவி, பிரேக் ஆயிலை முழுசாக மாற்றுங்கள்.

ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் தொல்லை இல்லை என்கிறார்களே?

செய்யாதீர்கள். அந்த வண்டியில் நீங்கள் மட்டும் போகவில்லை. பின்னால் பெட்டி மேல் உட்கார்ந்து வருகிறவரும், எதிரே சைக்கிளில் வருகிற பிள்ளையும் அதே ரோட்டில்தான் போகிறார்கள்.

வாட்டர் சர்வீஸில் என்ன கவனிக்க வேண்டும்?

மீன் வண்டியென்றால் லோடு இறக்கியதுமே நல்ல தண்ணீரில், போர் உப்பாக இருந்தால் குழாய்த் தண்ணீரில், அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பிரஷர் துப்பாக்கியைக் கப்ளருக்கும் சென்சாருக்கும் நேராகப் பிடிக்க வேண்டாம், சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும்.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வரும்போது என்ன செய்ய வேண்டும்?

கழுவாமல் கொண்டு வாருங்கள். தண்ணீர் எங்கே வழிந்து காய்ந்திருக்கிறது என்ற வெள்ளைக் கோடு எனக்கு வேண்டும். பேட்டரியைக் கழற்றிப் போடாதீர்கள், மாட்யூலில் இருக்கிற கோளாறுக் கோடை ஸ்கேனர் போட்டு அழிக்க யாரையும் விடாதீர்கள். கழற்றிய பழைய பாகங்கள் இருந்தால் எடுத்து வாருங்கள். நோட்டையும். லோடில்தான் விளக்கு வரும் என்றால் லோடு ஏற்றுகிற நேரத்தைச் சொல்லுங்கள், காலை நாலு மணி என்றாலும் நான் துறைமுகத்துக்கு வந்துவிடுகிறேன்.